கிளினிக் வகுப்பா, லயத்துக்கு வரும் மருத்துவமாதுவா?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கர்ப்பிணிகள் பாலூட்டலைக் கற்க இந்த இரண்டு வழியும் உண்டு. லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடு; மருத்துவமாது என்பவர் தாய்-சேய் நலம் பார்க்கும் பெண் ஊழியர்.

வகுப்பு பிரசவத்துக்கு முன்பே கிடைக்கிறது. பிறந்து 1 மணி நேரத்துக்குள் பால் கொடுக்கணும், மஞ்சள் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக்கூடாது, 6 மாதம் தண்ணீர்கூட வேண்டாம். இதை மாமியாரும் கூடவே கேட்டால் வீட்டில் பாதி வாக்குவாதம் குறையும். பொம்மையை அணைத்துப் பழகியவளுக்குக் கை நடுங்காது. ஆனால் கொழுந்து பறிக்கும் நாளில் வந்தால் சம்பளம் போகும், பாவம்.

மருத்துவமாது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்: காம்போடு கருவட்டமும் பிள்ளையின் வாய்க்குள் போகிறதா, நாடி (முகவாய்) மார்பில் படுகிறதா? 'பால் பத்தலையோ' என்ற பயம் முதல் வாரங்களில் பலருக்கும் வரும். அப்போது அவர்தான் துணை.

தலைப்பிள்ளைக்காரிக்கு முதலில் வகுப்பைச் சொல்வேன். முன்பு காம்பு புண்ணாகி நிறுத்தியவளுக்கு வீட்டு வருகைதான்.