டைனோசரா, வண்ணப் பறவையா: வரைய எது கடினம்?

வரையப் பழகுகிறவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. டைனோசரை யாரும் நேரில் பார்த்ததில்லை, எப்படி வேண்டுமானாலும் வரையலாம். பறவை எல்லோருக்கும் தெரிந்தது, கொஞ்சம் பிசகினாலும் மாட்டிக்கொள்வோம் என்று. இரண்டையும் வரைந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. உடம்பு விஷயத்தில் டைனோசர்தான் கறார். நிறத்தில் ஏமாற்றுவது பறவை.

முதலில் உடம்பு. டைனோசருக்கு எலும்புகள் சாட்சி. டி-ரெக்ஸ், வெலாசிராப்டர் போன்ற இரண்டு கால் வேட்டைக்காரர்களின் உள்ளங்கை தரையைப் பார்க்காது. கைதட்டப் போகிறவர் கைகளைப் போல ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். மணிக்கட்டு அதற்கு மேல் திரும்பாது. வாலும் தரையில் இழுபடாது. முதுகுக்கு நேராகப் பின்னால் நீண்டு உடம்பின் எடையைச் சமன் செய்யும். லண்டனில் 1854-இல் திறந்த கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் இகுவானடான் என்ற டைனோசரின் சிலைக்கு மூக்கின் மேல் கொம்பு வைத்தார்கள். 1878-இல் பெல்ஜியச் சுரங்கம் ஒன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் அது கட்டைவிரலின் முள் என்று உறுதியானது. ஒரு எலும்பு இடம் மாறினால் மிருகமே மாறிவிடும்.

ஆனால் எலும்பை மட்டும் நம்பித் தோலை அதன்மேல் இறுக்கி ஒட்டி வரைவதும் தப்புதான். ஆந்தையின் எலும்புக்கூட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நீளமான கழுத்து, ஒல்லி உடம்பு, குச்சிக் கால். அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த உருண்டை முகத்தையும் பஞ்சுப் பொதி உடம்பையும் யாராலும் யூகித்திருக்க முடியாது. சதையும் இறகும் எலும்பை எவ்வளவு மறைக்கும் என்பதைப் பறவைதான் கற்றுத்தரும். பறவைக்கு முட்டி பின்பக்கமாக மடங்குகிறது என்று பலர் நினைப்பதும் இதனால்தான். நாம் பார்க்கும் அந்த மடிப்பு கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். டைனோசரின் நிறம் முழுக்கக் கற்பனை என்ற காலம் போய்விட்டது. புதைபடிவ இறகுகளில் மெலனோசோம் என்ற நிறமித் துகள்களின் வடிவத்தை ஆராய்ந்து, சைனோசாரப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெளிர் நிறமும் மாறி மாறி வரும் பட்டைகள் இருந்ததாக 2010-இல் சொன்னார்கள். மைக்ரோராப்டர் என்ற இன்னொரு சிறிய டைனோசர் மினுமினுக்கும் கருப்பு என்று 2012-இல் தெரிந்தது. இவற்றை வரைகிறவர் இஷ்டத்துக்குப் பச்சை பூச முடியாது. ஆனால் இப்படி நிறம் தெரிந்தவை கொஞ்சம்தான். மற்றவற்றில் ஓவியருக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. எனக்கு டைனோசர் ஓவியத்தில் பெரிய ஈர்ப்பே அந்த இடம்தான்.

பறவையிடம் அந்தச் சலுகை கிடையாது, போதாக்குறைக்கு அதன் நிறமே பாதி மாயம். மீன்கொத்தியின் நீலத்தில் நீல நிறமி இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. மயில் தோகையின் பளபளப்புக்கு அடியில் இருப்பதும் பழுப்பும் கருப்புமான மெலனின் என்ற நிறமிதான். பெரும்பாலான கிளிகளின் பச்சையோ, இப்படி உண்டாகும் நீலத்தோடு மஞ்சள் நிறமி சேர்ந்து வருவது. அதனால் நீலப் பென்சிலை எடுத்து மீன்கொத்தியின் முதுகைச் சீராக நிரப்பினால் பிளாஸ்டிக் பொம்மைதான் கிடைக்கும். அடியில் கரும்சாம்பல் போட்டுவிட்டு, முதுகின் நடுவில் மட்டும் வெளிர் நீலத்தைக் கூரான விளிம்போடு ஒரு கீற்றாக வையுங்கள். ஓரிரு இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விடுங்கள். பக்கத்தில் இருக்கும் இருட்டுதான் அந்த நீலத்தை மின்ன வைக்கிறது.

ரசிப்பதிலும் இரண்டும் வேறு. பறவைப் படத்தில் 'ஆமாம், இப்படித்தான் தலையைச் சாய்க்கும்' என்று அடையாளம் காண்பது சந்தோஷம். டைனோசர் படம் நம்மை நம்ப வைக்க வேண்டும். நம்பிவிட்டால் பல கோடி வருடம் முந்தைய ஒரு மதியத்துக்குள் போய் நின்றுவிடுவோம். பழைய டைனோசர் ஓவியங்கள் தப்பாகிப்போன பிறகும் எனக்குப் பிடிக்கும், வரைந்த காலத்தில் என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்பதையும் அவை சேர்த்தே காட்டுவதால். பறவைப் படத்துக்கு இந்த இரண்டாவது வயது வருவதில்லை.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், பறவையில். ஆனால் வண்ணப் பறவையில் வேண்டாம். நிறம் குறைந்த காகத்தையோ நடக்கும் கோழியையோ எடுத்து, காலும் கழுத்தும் கைக்குப் பழகும்வரை வரையுங்கள். அப்புறம் இரண்டு கால் டைனோசருக்குப் போனால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். பறவைகள் அந்தக் குடும்பத்திலிருந்து வந்தவைதானே. மயிலும் பஞ்சவர்ணக்கிளியும் கடைசியில் வரட்டும். சின்னக் குழந்தைகளுக்கு இந்த வரிசை எதுவும் தேவையில்லை, அவர்கள் கேட்கிற டைனோசரையே வரையட்டும்.

நீண்ட கழுத்துள்ள பிராக்கியோசாரஸ் வகைகளுக்கு மட்டும் இந்தப் பாதை உதவாது. கோழிக்கால் அங்கே செல்லாது, யானையின் பாதத்தைப் பார்த்து வரைந்தாலும் தப்பாகிவிடும். அவற்றின் முன்னங்கையில் உள்ளங்கை எலும்புகள் தூண்போல் செங்குத்தாக வட்டமாய் நிற்கும், விரல்கள் ஏறக்குறைய மறைந்தே போயிருக்கும். அதற்கு எலும்புக்கூட்டு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.