ரப்பர் கடை கணக்குக்கு எலிக்ஸிரா பைத்தானா

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்குற ஒரு கடைக்கு கணக்கு சாப்ட்வேர் பண்ணிக் குடுத்தேன், முதல்ல எலிக்ஸிர்ங்கிற புரோகிராமிங் மொழியில, அடுத்த வருஷமே மொத்தத்தையும் பைத்தான் மொழியில, அதோட வெப் கட்டமைப்பான ஜாங்கோவ வச்சு மாத்தி எழுதினேன். ரெண்டையும் ஒரே வேலைக்கு ஓட்டிப் பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன், சின்ன கடைக்கு பைத்தான் போதும், பைத்தான்தான் நல்லதும்.

மொழியா மட்டும் பாத்தா எலிக்ஸிர் ஒரு படி மேல. அதுக்கு அடியில இருக்குற எர்லாங்ங்கிற மொழி, 1986ல எரிக்சன் கம்பெனியில டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக ஆரம்பிச்சது. ஒரு பிராசஸ், அதாவது தனியா ஓடுற ஒரு சின்ன வேலை, செத்தா அத கண்காணிக்கிற சூப்பர்வைசர்ங்கிற இன்னொரு பிராசஸ் அத மட்டும் திரும்ப எழுப்பி விடும், மத்தது பாட்டுக்கு ஓடும். காலையில எல்லாரும் ரப்பர் பால் கேனோட வந்து நிக்கும்போது ஒரு தராசோட கனெக்‌ஷன் போனாலும் மத்த ரெண்டு கவுண்டர்ல சீட்டு அடிச்சுட்டே இருந்துது, அத பாக்கவே அவ்வளவு சந்தோஷமா இருக்கும். வேகத்துலயும் எலிக்ஸிருக்குத்தான் மார்க், ஆனா மூணு கவுண்டருக்கு அது ஒரு விஷயமே இல்ல.

விஷயம் எங்க இருக்குன்னா, நாம இல்லாதப்ப யாரு கை வைப்பாங்கறதுல. 42 கிலோ பால், டிஆர்சி, அதாவது பால்ல இருக்குற காய்ஞ்ச ரப்பரோட சதவீதம், 35ன்னா காய்ஞ்ச ரப்பர் கணக்கு 14.7 கிலோ, அதுக்குத்தான் காசு. ஒரு ரிப்பேர்ல நான் விட்ட தப்பால அது மேல் பக்கமா 15ன்னு ரவுண்ட் ஆகி சீட்டு வந்துட்டு, ஒவ்வொரு சீட்டுலயும் கடைக்காரருக்கு கை நஷ்டம். நான் அப்ப காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடக்கேன். மாத்த வேண்டியது ஒரே வரி. கடைக்கார அண்ணன் போன் பண்ணி, "தம்பி, நாகர்கோவில்ல நாலு பேருகிட்ட காட்டியாச்சு, இது என்ன மொழின்னு எனக்கிட்டயே திருப்பிக் கேக்காவ"ன்னாரு. மூணு நாள் கையாலதான் சீட்டு எழுதினாங்க, அந்த மூணு நாளும் எனக்கு தூக்கமே இல்ல.

பைத்தானுக்கு மாத்தின பிறகு வண்டிக்கூலி பிடித்தத்த கூட்டணும்னு வந்துது, நான் கொச்சியில இருந்தேன். அண்ணனோட மக பன்னெண்டாம் கிளாஸ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கா, நம்ம ஸ்டேட் போர்டு புத்தகத்துலயே பைத்தான் இருக்கு. பைல திறந்து வச்சுட்டு, "அண்ணா, இந்த இடத்துல 20ன்னு இருக்கு, 25 போட்டா போதுமா?"ன்னு கேட்டா. போதும்னேன். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது.

நிறைய பேரு பாவிக்கிறாங்கன்னா தொந்தரவே இல்லன்னும் சொல்ல மாட்டேன், பைத்தான் 2க்கு சப்போர்ட் 2020 தொடக்கத்தோட நின்னப்ப பழைய புரோகிராம் எல்லாம் மாத்தி எழுத வேண்டி வந்துது. எனக்க அனுபவமும் மூணு கவுண்டர் வரைக்கும்தான். ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான கனெக்‌ஷன் வர்ற வேலைன்னா, எலிக்ஸிர் தெரிஞ்ச ரெண்டாவது ஆளும் கூட இருந்தா, நான் அதத்தான் எடுப்பேன்.