ஜெபக்குறிப்பு நோட்டா, கேட்ட இடத்திலேயே ஜெபமா?

மற்றவர்களுக்காக ஜெபிக்க எங்கள் வீட்டில் இரண்டு வழியும் உண்டு. அம்மாவிடம் ஒரு நோட்டு: திங்கள் சொந்தக்காரர்கள், செவ்வாய் நோயாளிகள் என்று நாள்வாரியாகப் பெயர்கள், இரவு குடும்ப ஜெபத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசிப்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. யாராவது 'ஜெபத்துல நினைச்சுக்கோங்க' என்றால் போனை வைப்பதற்கு முன்பே, பஸ் ஸ்டாப் என்றாலும் சரி, இரண்டு வரி ஜெபித்துவிடுவேன்.

கேட்டவருக்கு உடனே ஆறுதல் கிடைப்பது என் வழியில்தான். ஆனால் அந்த ஆபரேஷன் என்னாச்சு என்று அடுத்த வாரம் விசாரிக்க எனக்கு ஞாபகம் இருக்காது, அம்மாவுக்கு இருக்கும். நன்றி சொல்வதில் நோட்டு இன்னும் ஒரு படி மேலே: பதில் கிடைத்த பெயரை அவர் அடிப்பதில்லை, பக்கத்தில் தேதி போட்டு சிவப்பு மையில் 'ஸ்தோத்திரம்' என்று எழுதி, அப்புறமும் வாசிக்கிறார். பைபிளில் லூக்கா 17இல் இயேசுவால் குணமான 10 குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒருவன்தான். நான் மற்ற 9 பேர் கட்சி. பிலிப்பியர் 4:6இல் வேண்டுதலும் ஸ்தோத்திரமும் ஒரே வசனத்தில்தான் இருக்கின்றன.

நோட்டிலும் ஆபத்து உண்டு, தூக்கக் கலக்கத்தில் வெறும் வருகைப்பதிவு ஆகிவிடும். அதனால் இப்போது போனில் ஜெபித்த கையோடு பெயரை அம்மா நோட்டில் ஏற்றிவிடுகிறேன். என் கையெழுத்து புரியவில்லை என்று அவருக்குக் குறை.