சிம்மக்கல் மாடி இங்கிலீஷ் வகுப்பு: வேலைக்குப் போகிறவர்கள் தாராளமாகச் சேரலாம்

மதுரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பஞ்சமே கிடையாது, தெருவுக்குத் தெரு போர்டு தொங்குகிறது. பெரும்பாலான இடங்களில் சேர்ந்த அன்றைக்கே டென்ஸ் அட்டவணையைக் கையில் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிவிடுவார்கள். சிம்மக்கல் பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் நடத்தும் இந்த மாலை வகுப்பு வேறு மாதிரி. ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு நேராக ஒரு தமிழ் அர்த்தம் எழுதிவைக்கும் பழக்கத்தை முதலில் விடச் சொல்கிறார். அப்புறம்தான் பாடமே.

கட்டணம் என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிக் கொடுப்பது ஃபேர், பள்ளிக்கும் வக்கீலுக்கும் கட்டுவது ஃபீ, கப்பலூரில் காரை நிறுத்திக் கட்டுவது டோல். அன்றைக்கு யார் யாருக்குப் பணம் கொடுத்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் எழுப்பி இங்கிலீஷில் சொல்ல வைக்கிறார், அதற்குப் பிறகு அந்த மூன்றும் குழம்பவே குழம்பாது. மரத்தடியில் ஒதுங்கினால் ஷேட், சுவரில் விழும் நம் உருவம் ஷேடோ, இரண்டுக்கும் நமக்கு நிழல்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டவுட் பாடம். ஸ்கூலிலிருந்தே "சார், ஒரு டவுட்" என்று கை தூக்கிப் பழகிய நாம் அதே வார்த்தையை வெளிநாட்டு கிளையண்டுக்குப் போகும் மெயிலிலும் போட்டுவிடுகிறோம், ஆனால் இங்கிலாந்துக்காரருக்கோ அமெரிக்கருக்கோ டவுட் என்றால் நம்பிக்கைக் குறைவு, அதனால் விவரம் கேட்கிறோம் என்று புரியாமல் சொன்னதை நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. கேள்வி இருந்தால் கொஸ்டின் என்றே எழுதுங்கள் என்கிறார் டீச்சர்.

மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் தம்பி ஒருவர் எங்கள் பேட்ச்சில் இருக்கிறார். பேசிக் காட்டும்போது "சீப் ரூம்ஸ்" என்றார். டீச்சர் அங்கேயே நிறுத்தினார். சீப்பில் விலைக் குறைவோடு மட்டமான சரக்கு என்ற வாடையும் சேர்ந்தே வரும், வாங்குகிறவர் சொல்லலாம், விற்கிறவர் வாயால் சொல்லக்கூடாது, அஃபோர்டபிள் என்று சொல்லுப்பா என்றார். இப்படி அவரவர் வேலைக்கு ஏற்ற மாதிரி திருத்துவதற்கே காசு கொடுக்கலாம்.

உதாரணமெல்லாம் ஊருக்குள்ளிருந்தே வருகிறது. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் காந்தி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினாரே, அது ஹிஸ்டாரிக் முடிவு, வரலாற்றில் நிற்கக்கூடியது. அந்தக் காலத்துக் கடிதமோ பதிவேடோ எதுவானாலும் ஹிஸ்டாரிகல், பெரிய முக்கியத்துவம் இருக்கவேண்டும் என்று இல்லை.

ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை வார்த்தை என்று கேட்டால் 1066-க்குப் போய்விடுகிறார். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு, ஊர் ஜனம் பேசியது பழைய இங்கிலீஷ், இரண்டும் கலந்ததில்தான் பிகினும் கமென்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. சோறும் சாதமும் மாதிரி, பந்தியைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

குறையும் இருக்கிறது. கூட்டம் அதிகம், பின் பெஞ்சில் உட்கார்ந்தால் பேச முறையே வராது. டீச்சர் வராத நாளில் வேறொருவர் வந்து அஃபெக்ட், எஃபெக்ட் என்று லிஸ்ட்டை வாசித்துவிட்டுப் போய்விடுகிறார், அது வீண். ஜெராக்ஸ் நோட்ஸ் பாதி மங்கல். சாயங்கால நெரிசலில் பைக் நிறுத்த இடம் கிடைக்காது, பஸ்ஸில் வருவது நல்லது.

மாதம் 1,200 ரூபாய். ஏபிசிடியிலிருந்து ஆரம்பிக்கிறவர்களுக்குச் சரிப்படாது, ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்து எந்த இடத்தில் எந்த வார்த்தை என்று தடுமாறுகிறவர்களுக்குத்தான். சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை போங்கள், அன்றைக்குத்தான் வார்த்தைப் பாடம், கொஞ்சம் முன்னாலேயே போனால் முன் பெஞ்ச் கிடைக்கும்.