சிரிப்பு முகப் பொத்தான் இயந்திரம்: கூட்டுறவு அங்காடியில் இரண்டு வருடம்

"எங்க பண்டகசாலைக்கும் ஒண்ணு வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டதால் இந்தப் பதிவு. கடைக்கு வந்தவர் திருப்தியா இல்லையா என்று அமுக்கிச் சொல்ல, பச்சைச் சிரிப்பிலிருந்து சிவப்புச் சுளிப்பு வரை நாலு பொத்தான் உள்ள இயந்திரம் எல்லாரும் பார்த்ததுதான்.

மணிவாரியாகப் பதிவாவது உண்மையிலேயே அருமை. சம்பள வாரத்தில் சாயங்காலம் சிவப்பு கூடினால் மறுநாளே இன்னொரு பில் கவுன்டர் திறக்கலாம். கருத்துச் சீட்டை நம்பினால் மாதக் கடைசியில்தான் விஷயம் தெரியும். ஆனால் பில் போடுபவர் பக்கத்தில் வைக்காதீர்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிவப்பை அமுக்க யாருக்கும் மனசு வராது. வாசல் பக்கம், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒருமுறை அமுக்கியதும் சில விநாடி பூட்டிக்கொள்ளாத மாடல் வேண்டவே வேண்டாம்.

இரண்டு வருடமாக ஆற்றாமை ஒன்றுதான். அமுக்கியவர் உறுப்பினரா, வழியில் போனவரா என்று இதற்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு வராமலே போன உறுப்பினரோ பொத்தானை அமுக்க வரப்போவதில்லை. அதிருப்திக்காரர்கள் விலக விலகத் திரை பச்சையாகிக்கொண்டே போகிறது! இதைப் பொதுப்பேரவையில் சாதனையாக வாசிப்பது பங்குத்தொகை கட்டியவருக்குச் செய்யும் அநியாயம்.

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கூட்டுறவுக் கடையைத் தொடங்கியவர்கள் உபரியை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பிரித்துக்கொண்டார்கள். அதற்கு உறுப்பினர்வாரிக் கொள்முதல் கணக்கு வேண்டும். திருப்தியை அளக்கவும் அதே கணக்கு போதும். போன வருடம் மாதாமாதம் வாங்கி, கடைசி மூன்று மாதம் வராதவர்களைப் பட்டியலெடுங்கள். பத்துக்கு ஒருவரைக் குலுக்கி எடுத்து, கடை ஊழியரல்லாத ஒருவர் போனில் பேசட்டும். "திருப்தியா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பதற்கு மேல் பதில் வராது. இப்போது மளிகை எங்கே வாங்குகிறீர்கள், கடைசியாக வந்தபோது எது கிடைக்கவில்லை, ஈவுத்தொகை கைக்கு வந்ததா என்று கேளுங்கள்.

மதிப்பெண் வாங்கினால் சராசரி போடாதீர்கள். ஐம்பது பேர் 5, ஐம்பது பேர் 1 கொடுத்தாலும் சராசரி 3. நூறு பேரும் 3 கொடுத்தாலும் 3. எத்தனை பேர் 1 கொடுத்தார்கள் என்பதைத்தான் நிர்வாகக் குழு பார்க்க வேண்டும்.

இயந்திரத்துக்கு ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனாலும் வாங்காதீர்கள். முதலில் ஒவ்வொரு பில்லிலும் உறுப்பினர் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். கூட்டம் அதிகமானால் எண்ணைக் கேட்காமலே பில் போட்டுவிடுவார்கள். அப்புறம் வாரம் தவறாமல் வருபவரும் "வராதவர்" பட்டியலில் நிற்பார்.