ஓடைக்கரையில் எதை நடுவது? நரம்பாலி, சில்வர் ஓக், பைன், கிராண்டிஸ்

குமுளிக்கும் வண்டிப்பெரியாற்றுக்கும் நடுவே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத் தோட்டம் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் மழையில் அதன் கீழ் ஓரத்து ஓடைக்கரை பத்தடி அகலத்துக்குச் சரிந்தது. அங்கே என்ன மரம் வைக்கலாம் என்று கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் யூகலிப்டஸில் ஒரு வகையான கிராண்டிஸ் என்றார். கம்பத்திலிருந்து வரும் மர வியாபாரி சில்வர் ஓக் என்றார். வாகமண் பைன் காட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்த தம்பி பைன் என்றான். நான் நம் மலைக்காட்டு மரமான நரம்பாலி என்றேன். இத்தனை ஆண்டுகள் நான்கையும் கவனித்த பிறகும் அதையே சொல்கிறேன்.

கிராண்டிஸின் பலம் வேகம். ஏழெட்டு ஆண்டில் வெட்டலாம். வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்க்கும். விறகுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு வேண்டிய தண்ணீரை அது மண்ணிலிருந்துதான் எடுக்கிறது. மாசி, பங்குனியில் ஏலத்துக்கு நீர் இறைக்கும் ஓடையின் கரையில் அதை நடுவது, நம் வீட்டுக் குடத்தில் நாமே ஓட்டை போடுவது. மேட்டில் ஒரு வரிசை இருக்கட்டும், அது போதும்.

பைனை நான் விரும்பாததற்குக் காரணம் அதன் தரை. வாகமண்ணில் மனிதர்கள் நட்டு வளர்த்த அந்தக் காட்டுக்குள் போய்க் குனிந்து பாருங்கள். உதிர்ந்த ஊசி இலைகள் லேசில் மட்காமல் பாய் விரித்ததுபோல் கிடக்கும். கீழே செடி கொடி அரிது. வெயில் காலத்தில் பிசினும் காய்ந்த இலையும் தீக்குத் தயாராக இருக்கும். ஏலச் செடிக்கு வேண்டிய இலை மக்கு அங்கே கிடைக்காது. பைனைப் போல் பூவுக்குப் பதில் கூம்பு விடும் ‘கூம்பு மரங்களில்’ இன்னொன்றான சைப்ரஸுக்குக் குளிர் வேண்டும். அதை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி சில்வர் ஓக்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் என்றாலும் நம் மலையில் வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது. தண்டு நேராகப் போவதால் மிளகுக் கொடி ஏறும். மழைக்கு முன் கிளை கழித்தால் நிழலை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். பணம் வேண்டுமென்றால் வியாபாரி தோட்டத்துக்கே வருவார். இந்த மூன்றிலும் நரம்பாலி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் சில்வர் ஓக்கின் கிளை எளிதில் முறியும். ஆடிக் காற்றில் ஒரு கிளை விழுந்து நான்கு ஏலத் தூறுகள் நசுங்கியதை நானே பார்த்தேன்.

இனி நரம்பாலி. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் கூம்பு மரம் இது ஒன்றுதான். வடகிழக்கு மாநிலங்களிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உண்டு. நகெயா வாலிச்சியானா என்ற அறிவியல் பெயர், கல்கத்தா தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த டென்மார்க்காரர் நத்தானியேல் வாலிச்சின் நினைவாக வந்தது. கூம்பு மரம் என்றதும் ஊசி இலையைத் தேடாதீர்கள். இதன் இலை அகலமானது, தடித்தது, தோல் போன்றது. வெளிச்சத்தில் பிடித்தால் நடு நரம்பே தெரியாது. காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் வீணைத் தந்திபோல் அருகருகே ஓடும். பெயர்க் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த அடையாளம் தெரியாமல்தான் முதலில் ஏமாந்தேன். ஒரு நாற்றங்காலில், நரம்பாலிக்கும் முன்பு வழங்கிய அறிவியல் பெயரான ‘போடோகார்ப்பஸ்’ என்று சொல்லிக் கொடுத்த ஆறு கன்றுகளை வாங்கி நட்டேன். ஒடுங்கிய இலை, நடுவில் தெளிவான நரம்பு. அவை சீனா, ஜப்பான் பக்கத்து அழகுச் செடிகள். அடுத்த முறை இலையைத் திருப்பிப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். காட்டிலிருந்து பிடுங்கிவர நினைக்காதீர்கள். அது குற்றம், மரமும் இப்போது அங்கே அரிது.

வெட்டவெளியில் நட்ட இரண்டு கன்றுகள் முதல் கோடையிலேயே கருகின. ஏலத் தூறுகளின் நிழலில் வைத்தவை பிழைத்தன. சோலைக்குள் இருட்டில் முளைத்துக் காத்திருக்கும் பழக்கம் அதற்கு உண்டு. இளமையில் நிழல் தேவை. ஆண், பெண் மரங்கள் தனித்தனி என்பதால் ஒன்றிரண்டு நட்டால் விதை கிடைப்பது சந்தேகம். விதை கிடைத்தால் காயவிடாமல் உடனே ஈரமண்ணில் போட வேண்டும்.

வளர்ச்சி மிக மெதுவு. 2019இல் முழங்கால் உயரத்தில் நட்டவை இன்றும் என் தோளைத் தாண்டவில்லை. அதே மாதம் நட்ட சில்வர் ஓக்கில் மிளகு காய்க்கிறது. காட்டில் 30 மீட்டருக்கு மேல் உயரும் மரம், பலகைக்கும் பெட்டிக்கும் ஏற்ற நேர்த்தியான வெளிர் கட்டை. ஆனால் அதை என் காலத்தில் யாரும் அறுக்கப்போவதில்லை. எஸ்டேட்டில் நாற்பது ஆண்டு உழைத்த அப்பா, “இதன் நிழலில் யாருடா உட்காரப்போகிறார்கள்?” என்று கேட்டார். “உங்கள் பேரன் பிள்ளை” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை கன்றுகளைச் சுற்றிச் சருகு போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

பணத்துக்கு மேட்டில் சில்வர் ஓக், ஓடைக்கரைக்கு நரம்பாலி என்று பிரித்துக்கொண்டோம். சரிந்த இடத்தில் இப்போது எட்டு நிற்கின்றன. இன்னும் நான்கு கன்றுகள் பையில் இருக்கின்றன. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்ததும் இறக்க வேண்டும்.