73-ஆ, 67-ஆ? பேரண்டம் விரியும் வேகத்துக்கு இரண்டு கணக்கு

பேரண்டம் விரிகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் சண்டை இல்லை. எவ்வளவு வேகம் என்று கேட்டால்தான் இரண்டு அணி. தூரம் ஒரு மெகாபார்செக், அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு, கூடும்போதெல்லாம் விண்மீன் மண்டலங்கள் விலகும் வேகம் நொடிக்கு 73 கிலோமீட்டர் கூடுகிறது என்கிறது ஓர் அணி. 67.4 என்கிறது மற்றது.

73 அணி ஏணி வைத்து ஏறுகிறது. வானியலாளர் ஆடம் ரீஸ் குழுவின் வேலை இது. முதல் படியில் பக்கத்து நட்சத்திரங்களின் தூரத்தை நேரடியாக அளப்பார்கள். அடுத்த படி, செஃபீட் எனும் துடிக்கும் நட்சத்திரங்கள். துடிப்பின் காலம் நீண்டால் உண்மையான பிரகாசமும் அதிகம். இதை 1912-லேயே வானியலாளர் ஹென்ரியேட்டா லீவிட் காட்டிவிட்டார். அந்தப் பிரகாசத்தை நமக்குத் தெரிகிற பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். அதற்கும் மேலே 1ஏ வகை சூப்பர்நோவா, ஏறத்தாழ ஒரே பிரகாசத்தோடு நிகழும் நட்சத்திர வெடிப்பு. நம்ம சந்திரசேகர் சொன்ன வரம்பை, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறையை, நெருங்கும் வெண்குறு நட்சத்திரம் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) வெடிப்பது என்பது அதற்கான பாடப்புத்தக விளக்கம். கீழ்ப்படி ஆடினால் மேல்படியும் ஆடும், அதுதான் சிக்கல். செஃபீட் ஒளியில் பக்கத்து நட்சத்திர ஒளி கலந்து ஏமாற்றுகிறதோ என்று சந்தேகப்பட்டார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது, பழைய தூரங்கள் சரியென்றே வந்தன.

67.4 பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவு. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளியிலிருந்து கணக்கிட்டது. பிழை வெறும் 0.5. ஆனால் இது விளையும் பயிரை முளையில் பார்த்துச் சொல்லும் கணக்கு. இடையில் மழை எப்படிப் பெய்தது என்பதற்கு, அதாவது விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு, கோட்பாட்டைத்தான் நம்ப வேண்டும்.

இன்றைய வேகம் என்றால், அளந்து சொல்கிற ஏணிக்கே என் ஓட்டு. அதுவும் அரை மனதோடுதான். வானியலாளர் வெண்டி ஃப்ரீட்மேன் குழு செஃபீடை விட்டுவிட்டு, முதுமையில் ஊதிச் சிவந்த செம்பெரு நட்சத்திரங்களைப் படியாக வைத்தபோது, 2019-இல் 69.8 வந்தது!

அப்புறம் ஈர்ப்பலை, கனத்த நட்சத்திரங்கள் மோதும்போது காலவெளியில் எழும் அலை. ஏணியும் வேண்டாம், பழைய ஒளியும் வேண்டாம். அலையே தூரத்தைச் சொல்லிவிடும், விலகும் வேகத்தை மோதல் நடந்த மண்டலத்தின் ஒளி சொல்லும். 2017 ஆகஸ்ட் 17-இல் பிடிபட்ட நியூட்ரான் நட்சத்திர மோதல் 70 என்றது. பிழை வரம்போ 62 முதல் 82 வரை, இரண்டு அணியையும் உள்ளே உட்காரவைத்துவிட்டது. இதைச் சுருக்க அதைப் போல இன்னும் பல மோதல்கள் ஒளியோடு சேர்த்துப் பிடிபட வேண்டும்.